ஏழாம் எண் வீட்டுத் தெள்ளுப்பூச்சிகள், எட்டாம் எண் வீட்டு இடிபாடு

அனுப்புநர்:
தா. நார்மன்,
ஓய்வுபெற்ற பண்டகப் பரிசோதகர்,
எண் 7, கிழக்கு லைன்ஸ் குடியிருப்பு,
கட்கி, புனே.

பெறுநர்:
திரு. சுந்தரமூர்த்தி அவர்கள்,
சுகாதார அலுவலர்,
கிழக்கு லைன்ஸ் குடியிருப்பு நிர்வாகம்,
கட்கி, புனே.

பொருள்: எண் 8 காலி வீட்டின் இடிபாட்டை 17.12.1994க்கு முன் அகற்றவும், எட்டு வீடுகளின் முற்றங்களிலும் தெள்ளுப்பூச்சிக்கு மருந்து அடிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது மனு, நாள் 3.10.1994.
2. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 7.10.1994.
3. எனது நினைவூட்டு மனு, நாள் 29.10.1994 (அனுப்பப்படவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

1. இம்மனுவைத் தமிழில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கோருகிறேன். தாங்கள் சென்ற மாதம் இங்கே மாற்றலாகி வந்தீர்கள் என்பதையும், தமிழர் என்பதையும் தங்கள் அறை வாசலில் உள்ள பெயர்ப்பலகையைப் பார்த்து அறிந்தேன். எனது முந்தைய மனுவை ஆங்கிலத்தில் எழுதினேன். அது எழுத்தர் மேசையிலேயே படிக்கப்பட்டு, மராட்டியில் இரண்டு வரிக் குறிப்பாகச் சுருங்கி, அந்தக் குறிப்பின் மேல் நடவடிக்கையும் எடுக்கப்பட்டுவிட்டது. இந்த மனுவைத் தங்களைத் தவிர அந்த அலுவலகத்தில் யாராலும் படிக்க முடியாது. ஆகவே இது தங்கள் மேசைக்கு வந்தே தீரும். நான் தமிழில் முழுப் பக்கம் எழுதி முப்பது வருடம் ஆகிறது. ஐந்தாம் வகுப்பு வரைதான் தமிழ்ப் பள்ளி. மீதி வேதப் புத்தகம் வாசித்து வந்த தமிழ். பிழை இருந்தால் பொறுத்தருள வேண்டும்.

2. விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். எனது ஒரே மகள் அலினா, வயது 22, வெந்நீர் பட்ட காயங்களுக்காக 29.10.1994 முதல் மருத்துவமனையில் இருக்கிறாள். இரண்டு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே புதுத் தோல் வைத்திருக்கிறார்கள். வரும் 17ஆம் தேதி சனிக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தத் தோலில் ஒரு பூச்சிக்கடி, ஒரு சொறிதல் போதும், சீழ் வைத்துவிடும், பிறகு பட்ட பாடெல்லாம் வீண் என்று மருத்துவர் என்னையும் என் மனைவியையும் உட்காரவைத்துச் சொன்னார். எங்கள் வீட்டிலோ தெள்ளுப்பூச்சி இருக்கிறது. தெள்ளுப்பூச்சி தரையிலிருந்து துள்ளி முழங்காலுக்குக் கீழேதான் கடிக்கும் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். வானவடியில் என் மைத்துனி வீடு உண்டு. மூன்றாம் மாடி, ஒரே அறை, அதில் ஐந்து பேர். வேறு போக்கிடம் எங்களுக்கு இல்லை. ஆகவே இன்றைக்கும் 17ஆம் தேதிக்கும் நடுவே உள்ள பன்னிரண்டு நாட்களைப் பற்றியதே இம்மனு. மற்றதெல்லாம் இது எப்படி நேர்ந்தது என்று தாங்கள் அறிவதற்காக எழுதுவது.

3. நான் முப்பத்தொரு வருடம் பண்டகப் பரிசோதகராக வேலை பார்த்தவன். வந்த பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் பார்த்து, பார்த்ததை எழுதுவது என் வேலை. பார்க்காததை எழுதக்கூடாது, பார்த்ததை விடக்கூடாது. ஒரு படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. இதை ஒரு பெருமையாக இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி ஆரோக்கியமணி இதற்கு வைத்திருக்கும் பெயர் வேறு. அது பின்னால் வரும்.

4. எங்கள் வீட்டில் ரோஜர் என்ற நாய் இருந்தது. பழுப்பு நிற நாட்டு நாய், வயது ஆறு. தங்கள் அலுவலக நாய்ப் பதிவேட்டில் எண் 214. கழுத்துப் பட்டையில் தங்கள் அலுவலகம் கொடுத்த பித்தளை வில்லையும் இருந்தது. எட்டு வீட்டு வரிசையில் ஐந்து வீடுகளில் நாய் உண்டு; வில்லை வாங்கியது நான் ஒருவன்தான். இதை அப்போது சட்டத்தை மதிப்பது என்று நினைத்தேன்.

அலினாவுக்குப் பதினோரு வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரை சாப்பிட்டும் மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை வரும். வருமுன் அவளுக்கே தெரியாது. ரோஜருக்குத் தெரியும். யாரும் பழக்கவில்லை, குட்டியாக வந்த ஆறாம் மாதமே தானாக ஆரம்பித்தது. அவள் பாவாடையைப் பல்லால் பிடித்துக் கீழே இழுக்கும். அவள் உட்கார்ந்ததும் என் மனைவியிடம் ஓடிவந்து தொண்டை கிழியக் குரைக்கும். மற்ற நேரத்தில் அது குரைக்கிற நாயே இல்லை. அதனால் அந்தக் குரல் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவோம். இந்த ஆறு வருடத்தில் அலினா ஒருமுறைகூட நெருப்பிலோ தண்ணீரிலோ விழவில்லை. கிழக்கு லைன்ஸ் முழுக்க இது தெரியும். தங்கள் பதிவேட்டில் இதை எழுத ஒரு கட்டம் இல்லை.

5. பூச்சி எங்கிருந்து வந்தது என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எங்களுக்கு அடுத்த எண் 8, நிர்வாகத்தின் காலி வீடு. ஜூனில் அங்கிருந்தவர் காலி செய்தார். ஜூலை மழையில் பின்பக்கக் கொட்டகை சரிந்தது. ஓடு, செங்கல், ஈரக் கோணி, மக்கிய வைக்கோல் எல்லாம் ஒரு குவியலாக எங்கள் முற்றச் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. அதற்குள் தெருநாய் ஒன்று ஆறு குட்டி போட்டது. பெருச்சாளிகளும் உண்டு. ஆகஸ்டில் என் மனைவியின் கணுக்கால்களில் சிவப்புத் தடிப்புகள் வரிசை வரிசையாக வர ஆரம்பித்தன. கொசு என்று நினைத்தோம். ரோஜர் வால் அடியைக் கடித்துக் கடித்து முடியெல்லாம் போனபிறகுதான் தெள்ளு என்று புரிந்தது.

6. நாங்கள் சும்மா இருக்கவில்லை, ஐயா. ரோஜரை வாரம் இருமுறை மருந்து சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினோம். அலினா தினமும் பேன் சீப்பால் அதற்கு வாரிவிட்டு, சீப்பில் வருவதைச் சோப்புத் தண்ணீரில் போடுவாள். அது ராஜா மாதிரி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். படுக்கைத் துணிகளை வெந்நீரில் ஊறவைத்து வெயிலில் போட்டோம். வீட்டுத் தரை ஷாஹாபாத் கல். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் பூச்சியின் முட்டையும் புழுவும் கிடக்கும். இடுக்கு மண்ணையெல்லாம் ஆணியால் சுரண்டி எடுத்து, சிமெண்ட் குழைத்து நானே அடைத்தேன். ரோஜர் படுக்கும் கோணியை எரித்தோம். செப்டம்பர் நடுவில் வீட்டுக்குள் பெருமளவு குறைந்தது. ஆனால் முற்றத்துக்குப் போய்வந்தால் மறுபடி ஏறும். சுவருக்கு அந்தப் பக்கம் உலை கொதிக்கும்போது இந்தப் பக்கம் ஊதி ஊதி என்ன ஆகப்போகிறது?

7. செப்டம்பர் கடைசியில் சூரத்தில் பிளேக் என்று செய்தி வந்தது. அந்த நாட்களைத் தாங்களும் மறந்திருக்க மாட்டீர்கள். கட்கியில் எல்லோர் முகத்திலும் கைக்குட்டை. மருந்துக் கடையில் டெட்ராசைக்ளின் கிடையாது. எலியும் தெள்ளும்தான் பிளேக்குக்குக் காரணம் என்று பத்திரிகையில் போட்டார்கள். நான் இதுதான் சமயம் என்று நினைத்தேன். இப்போதாவது எண் 8 இடிபாட்டை எடுப்பார்கள் என்று நம்பி 3.10.1994 அன்று பார்வை 1இல் கண்ட மனுவை எழுதினேன். மூன்று பக்கம். இடிபாட்டின் நீள அகலம், பெருச்சாளி வளை எத்தனை, தெருநாய் எத்தனை, எல்லாம் எழுதினேன். எழுதி முடித்தபின், பரிசோதகன் புத்தி, ஒன்று விட்டுப்போயிற்றே என்று தோன்றியது. "எங்கள் வீட்டிலும் நாய் ஒன்று உள்ளது, உரிம எண் 214" என்று கடைசியில் சேர்த்தேன். உரிமத்தின் நகலையும் இணைத்தேன்.

என் மனைவி மனுவைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டாள். கடைசி வரி வந்ததும், "அதை எதுக்கு எழுதுறீங்க? கேட்டாங்களா? பிழைக்கத் தெரியாத மனுஷன்!" என்றாள். இதுதான் நான் மேலே சொன்ன பெயர். உள்ளதை மறைத்து எழுதினால் மனுவுக்கு மதிப்பு இல்லை என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். நான் சொந்தக் கையெழுத்தில் வைத்துக்கொண்டேன்.

8. பார்வை 2இல் கண்ட பதில் நான்கே நாளில் வந்தது. என் சர்வீஸில் இவ்வளவு விரைவான பதிலை நான் பார்த்ததில்லை. சந்தோஷமாகப் பிரித்தேன். அதில் எண் 8 பற்றி ஒரு சொல்கூட இல்லை. "எண் 7இல் நாய் மூலமாகத் தெள்ளுப்பூச்சி பரவுவதாக அந்த வீட்டுக்காரரே தெரிவித்துள்ளதால்" 11ஆம் தேதி மருந்துக் குழு வரும், நாயைக் கண்காணிப்புக்காக ஒப்படைக்க வேண்டும் என்று இருந்தது.

எண் 5இல் இருக்கும் ஜம்பு அன்று மாலையே வந்தார். அவரும் நம்மவர்தான், வீட்டில் இரண்டு நாய். "அண்ணே, பேசாம ரோஜரை எங்கயாவது அனுப்பிடுங்க. நம்ம ரெண்டையும் சாங்வியில மச்சான் வீட்டுல விட்டுட்டேன். வந்து கேட்டா குத்தா நஹீ ஹைன்னு கையை விரிச்சுடலாம்" என்றார். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் அதையே செய்தார்கள். என்னால் அப்படிச் செய்ய முடியவில்லை. பதிவேட்டில் இருக்கும் நாயை இல்லை என்று எப்படிச் சொல்வது? கடிதத்தில் 'கண்காணிப்பு, பதினைந்து நாள்' என்றுதானே எழுதியிருக்கிறது, எழுத்தில் இருப்பதை மாற்ற மாட்டார்கள் என்று ஜம்புவுக்கே தைரியம் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுந்து தன் வீட்டுக்குப் போய்விட்டார்.

9. 11.10.1994 காலை நான்கு பேர் பம்புடன் வந்தார்கள். பதிவேட்டில் நாய் உள்ள வீடுகளுக்கு மட்டும் மருந்து என்பது அவர்கள் முறையாம். எங்கள் வரிசையில் பதிவேட்டில் இருந்தது ஒரே வீடு. ஆகவே எங்கள் வீட்டுக்குள் மட்டும் அடித்தார்கள். சுவருக்கு அப்பால் உள்ள குவியலைக் காட்டினேன். குழுத் தலைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கிள், அது காலி வீடு. அங்கே நாய் எழுதலையே" என்றார். அவர் நின்ற இடத்திலிருந்தே ஆறு குட்டிகளும் தெரிந்தன.

ரோஜர் வண்டியில் ஏற மறுத்தது. அவர்கள் கம்பிச் சுருக்கை எடுத்தார்கள். அது வேண்டாம் என்று சொல்லி, நானே தூக்கி ஏற்றினேன். பழகிய கை என்பதால் சும்மா இருந்தது. பட்டையில் வில்லை தெரியும்படி திருப்பியும் விட்டேன், அடையாளம் தப்பக்கூடாது என்று. அலினா வாசலிலேயே நின்றாள். அவளுக்குத் தமிழ் சரளமாக வராது. "டாடி, பந்த்ரா தின் தானே? திரும்ப வருவான் தானே?" என்று பதினைந்து நாள் கணக்கைக் கேட்டாள். கடிதத்தைக் காட்டி, எழுதியே கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

10. பதினைந்து நாள் முடிந்து 27ஆம் தேதி ரோஜரை அழைத்துவரச் சென்றேன். எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். எண் 214க்கு நேராக, பெற்றது 11.10, முடிக்கப்பட்டது 12.10 என்று இருந்தது. எப்படி முடிக்கப்பட்டது என்று கேட்டேன். பிளேக் நேரம், எல்லா நாய்க்கும் அதுதான் உத்தரவு என்றார். எல்லா நாயும் என்றால் எத்தனை என்று கேட்டேன். அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிவுதான் இருந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே கொளுத்தியது என் வீட்டை மட்டும்; பூச்சி அடுத்த வீட்டில் சுகமாக இருந்தது.

அலினாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னும் சில நாள் ஆகுமாம் என்று சொன்னேன். முப்பத்தொரு வருடத்தில் நான் பார்த்ததற்கு மாறாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

11. நாய் போனால் பூச்சி போகும் என்று நினைத்தவர்கள் அந்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். மருந்து அடித்த எட்டாம் நாள் புதுப் பூச்சி கிளம்பியது. முன்பு ரோஜர் மேல் ஏறியதெல்லாம் இப்போது எங்கள் கால்களில் ஏறியது. ஆகவே படுக்கைத் துணி, திரை, பாய் எல்லாவற்றையும் ஒருநாள் விட்டு ஒருநாள் வேகவைக்கத் தொடங்கினோம். முற்றத்தில் மூன்று செங்கல் வைத்து விறகடுப்பு, அதன் மேல் டேக்சா என்னும் பெரிய அலுமினிய அண்டா.

29.10.1994 சனிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். என் மனைவி வெந்த துணிகளில் ஒரு சுமையை முன்வாசல் கொடியில் உலர்த்தப் போயிருந்தாள். அலினா பின்முற்றத்தில் டேக்சா அருகில் கோலால் கிளறிக்கொண்டிருந்தாள். நான் உள்ளறையில் மேசையில் உட்கார்ந்து, பார்வை 3இல் கண்ட நினைவூட்டு மனுவை எழுதிக்கொண்டிருந்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு, பன்னிரண்டு அடி.

பாத்திரம் உருண்ட சத்தம் எனக்குக் கேட்டது. இதை நான் போலீசாரிடமும் சொல்லவில்லை, மருத்துவரிடமும் சொல்லவில்லை. கேட்டது. ஏதோ பாத்திரம் விழுந்தது என்று எண்ணினேன். அவள் கத்தவில்லை, வலிப்பில் குரல் வராது. ரோஜரும் குரைக்கவில்லை. ஆறு வருடம் அந்தக் குரலுக்கு மட்டுமே எழுந்து பழகியவன், அது வராததால் ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம்: "எங்கள் வீட்டில் தற்போது நாய் எதுவும் இல்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்." அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். எழுந்ததுகூட அதற்காக இல்லை, தண்ணீர் குடிக்க.

அவள் வெந்நீரிலேயே கிடந்தாள். அதற்குமேல் எழுத வரவில்லை, ஐயா. ஜம்புதான் அவளைத் தூக்கிக்கொண்டு ரிக்‌ஷாவுக்கு ஓடினார்.

12. நவம்பரில் கால்நடை மருத்துவர் ரோஹிணி என்பவரைப் போய்ப் பார்த்தேன். நாய் இல்லாதவன் எதற்கு வந்தான் என்று அவர் ஆச்சரியப்பட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார். இந்தப் பூச்சி கூட்டுக்குள் இருக்கும்போது எந்த மருந்தும் அதைத் தொடாது. ஆகவே ஒரு தடவை அடித்து விட்டுவிட்டால் பயனில்லை, இரண்டு வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். உள்ளே மட்டும் அடித்தாலும் பயனில்லை. நிழலும் ஈரமும் உள்ள முற்றத்தில்தான் அதன் பிறப்பிடம். நாயை அப்புறப்படுத்துவது எல்லாவற்றிலும் பெரிய தப்பு. மருந்து போட்ட நாய் வீட்டில் நடமாடினால், வெளியே வரும் பூச்சி அதன் மேல் ஏறிச் சாகும். நாயை எடுத்துவிட்டால் பசியோடு ஆளைத் தேடும். "உங்க நாயை வச்சுத்தான் சார் இதை ஒழிச்சிருக்கணும்" என்றார். அவர் நல்ல பெண். சொன்ன பிறகு, சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று முகம் வாடிவிட்டார். நான்தான் அவருக்குச் சமாதானம் சொன்னேன். அவர் கையெழுத்திட்ட குறிப்பை இணைத்துள்ளேன்.

13. அவர் சொல்லித் தந்த சோதனையையும் செய்தேன். முழங்கால் வரை வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். பூச்சி கறுப்புப் புள்ளியாக ஏறுவது தெரியும். 3.12.1994 அன்று நடந்தேன். என் வீட்டுக்குள் ஒன்பது. என் முற்றத்தில் இருபத்திரண்டு. சுவர் ஏறிக் குதித்து எண் 8 குவியல் ஓரத்தில் நடந்தபோது அறுபத்தொன்று வரை எண்ணினேன். பிறகு எண்ண முடியவில்லை. அனுமதியின்றி அரசு மனையில் நுழைந்தது தவறு என்றால் அதையும் ஒப்புக்கொள்கிறேன். எதையும் விடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். புத்தி இன்னும் மாறவில்லை.

14. இன்னொன்று. டிசம்பர் முதல் தேதி தங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் அறிவிப்பு வந்தது. நாய் எண் 214இன் உரிமம் இவ்வருடத்தோடு முடிவதால், புதுப்பிக்க அந்த நாயை 31ஆம் தேதிக்குள் நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டுமாம், தவறினால் நடவடிக்கையாம். இரண்டு மாதம் முன்பு அதே அலுவலகத்தின் வண்டியில் நானே தூக்கி ஏற்றினேன் என்று பதில் எழுத உட்கார்ந்தேன். கோபத்தில் பேனா முனை தாளைக் கிழித்துவிட்டது. தாங்கள் அப்போது இங்கே இல்லை. தங்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்த அறிவிப்பை என் மனைவி தன் வேதப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். அன்று முதல் அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை.

15. அலினா ஒவ்வொரு நாளும் ரோஜரைக் கேட்கிறாள். வானவடியில் சித்தி வீட்டில் இருக்கிறான், நன்றாகச் சாப்பிடுகிறான், குண்டாகிவிட்டான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். "ஃபேட் ஆகாம பாத்துக்கோங்க, டாடி" என்கிறாள். வீட்டுக்கு வந்தபின் உண்மையைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லும்போது அவள் காலில் பூச்சி ஏறிக்கொண்டிருக்கக் கூடாது. நான் கேட்பது அவ்வளவுதான்.

16. ஆகவே தங்களைக் கேட்டுக்கொள்வது:

(அ) எண் 8இன் பின்பக்கக் குவியலை இந்த வாரத்துக்குள் ஆள் வைத்து அப்புறப்படுத்த வேண்டும். வண்டி இல்லை என்றால் எனக்கு ஒரு வரி அனுமதி கொடுங்கள். ஜம்புவும் நானும் எங்கள் கையாலேயே அள்ளிவிடுகிறோம். அவர் தானாகவே சொன்னார்.

(ஆ) பதிவேட்டில் நாய் இருக்கிறதா என்று பார்க்காமல் எட்டு வீடுகளின் உள்ளும் முற்றமும் உடனே ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து மறு தடவை மருந்து அடிக்க வேண்டும். முதல் தடவை 17ஆம் தேதிக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பாவது இருக்க வேண்டும். வாடை போக வேண்டும் என்று மருத்துவர் சொல்கிறார்.

(இ) குவியலில் உள்ள தெருநாயையும் குட்டிகளையும் 'முடிக்க' வேண்டாம். குட்டிகள் இப்போது நான்குதான் உள்ளன. ரோஹிணி அம்மாள் மருந்து போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அவற்றை எண்ணி இங்கே எழுதுவதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். மறைத்தால் அள்ளும்போது ஆட்களே பார்ப்பார்கள், அதனால் எழுதிவிட்டேன். அவற்றின் கதி தங்கள் கையில் இருக்கிறது.

(ஈ) ரோஜரின் கழுத்துப் பட்டை அலுவலகத்தில் எங்காவது கிடந்தால் திருப்பித் தர வேண்டும். வில்லை தங்களுடையது, அதைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். பட்டை அலினா தைத்தது.

நஷ்ட ஈடு எதுவும் நான் கேட்கவில்லை. யாரையும் தண்டிக்கவும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் முதல் பெயராக என் பெயரை எழுத வேண்டியிருக்கும். தாங்கள் ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் போதும். வரும்போது வெள்ளைக் காலுறை அணிந்து வாருங்கள்; இம்மனுவில் எழுதியது மெய்யா என்பது பத்து நிமிடத்தில் தங்களுக்கே தெரிந்துவிடும்.

17ஆம் தேதிக்கு முன் தங்கள் காலடி எங்கள் முற்றத்தில் படும் என்று காத்திருக்கும்,

தா. நார்மன்
(ஒப்பம்)

இடம்: கட்கி, புனே.
நாள்: 5.12.1994.

இணைப்புகள்:

1. 3.10.1994 தேதியிட்ட மனுவின் நகல், மூன்று பக்கம். கடைசி வரியின் கீழ் கோடிட்டது என் மனைவி.

2. கால்நடை மருத்துவர் ரோஹிணியின் குறிப்பு, ஒரு பக்கம்.

3. மருத்துவமனைச் சான்று, ஒரு பக்கம்.

4. வெள்ளைக் காலுறை ஒரு ஜோடி, ஒட்டிய பாலிதீன் உறையில். உறையை அறைக்குள் பிரிக்க வேண்டாம்.

5. 29.10.1994 தேதியிட்ட நினைவூட்டு மனு, அனுப்பப்படாதது, அரைப் பக்கம். கடைசி வாக்கியம் முழுமையாக உள்ளது.